தலை திரும்ப மாட்டேங்குது அண்ணே!

ராத்திரி பத்தரை மணி. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தேன். உள்ளே போன் அடித்தது. ஈரக் கையோடு மனைவிதான் எடுத்தாள். எதிர்முனையில் ஓர் இளவட்டக் குரல். அழாத குறை.

"அக்கா... அண்ணன் இருக்காங்களா? தலை திரும்ப மாட்டேங்குதுக்கா! இடுப்புக்கு மேல அப்படியே மரக்கட்டையாட்டம் நிக்குது. ரெண்டு தடவை வைத்தியம் பார்த்தாச்சு. இப்ப மொத்தமா மாத்தணும்கிறாங்க!"

மனைவி பதறிவிட்டாள். "ஐயையோ, தலையை எப்படிப்பா மாத்துவாங்க? திருமயம் பக்கம் சுளுக்கு எடுக்கிற பெரியவர் ஒருத்தர் இருக்கார். உடனே அவர்கிட்ட தூக்கிட்டுப் போங்க!"

"இருபது டன்னுக்கா... எப்படித் தூக்கிட்டுப் போறது?"

அதற்குப் பிறகுதான் போன் என் கைக்கு வந்தது.

நான் வைத்தியன்தான். ஆனால் என்னிடம் வருகிற நோயாளிகளுக்கு இரண்டு கால் கிடையாது, இரண்டு செயின். நாங்கள் புதுக்கோட்டைப் பக்கம் 'ஹிட்டாச்சி' என்கிறோமே, அந்த மண் அள்ளும் ராட்சச வண்டிக்கு மெக்கானிக். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் எங்கள் ஊரில் அது ஹிட்டாச்சிதான். எனக்கு முந்தின தலைமுறைக்கு அது 'பொக்லைன்'. பிரான்ஸ் தேசத்தில் 1927-ல் விவசாயக் கருவிகள் செய்கிற பட்டறையாக ஆரம்பித்த கம்பெனி அது. 1961-ல், இடுப்புக்கு மேலே முழு வட்டமும் சுற்றுகிற ஹைட்ராலிக் வண்டியைக் கொண்டுவந்து பேர் வாங்கியது. நம் நாட்டில் டெல்கோ கம்பெனி 1984-ல் ஜப்பானின் ஹிட்டாச்சியோடு கைகோத்தது. அப்புறம் பொக்லைன் போய் ஹிட்டாச்சி வந்தது. நாளைக்கு வேறு பேர் வரலாம். ரிப்பேர் மட்டும் அதேதான்!

அந்தத் தம்பி ஆலங்குடிப் பக்கத்துக் கிராமம். ஒற்றை வண்டி முதலாளி. 'முதலாளி' என்றதும் வெள்ளை வேட்டி, மோதிரம் என்று நினைத்துவிடாதீர்கள். பத்து வருஷம் அடுத்தவர் வண்டியில் ஆபரேட்டராக உட்கார்ந்து, பழைய வண்டி ஒன்றைத் தவணையில் வாங்கி, அதிலும் தானே ஆபரேட்டராக உட்கார்ந்திருக்கிற முதலாளி. மாசத் தவணை ஐம்பத்தெட்டாயிரம். வண்டி ஓடினால் தவணை கட்டலாம். ஓடாவிட்டால் தவணை அவரைக் கட்டும்.

"எங்கேப்பா நிக்குது வண்டி?"

"எங்க ஊர்க் கண்மாய்க்குள்ளதாண்ணே. ஊர்ப் பயலுக எல்லாம் காசு போட்டுத் தூர் வார்றோம். புரட்டாசி பொறந்துருச்சு. ஐப்பசி மழைக்குள்ள முடிக்கணும். வண்டி நடுக் கண்மாயில நிக்குது. மழை வந்துச்சுன்னா..."

மேலே சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை.

கண்மாய் என்றால் சும்மாவா?

புதுக்கோட்டைச் சீமையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1948 வரை இது தனி சமஸ்தானம். 1974 ஜனவரி 14-ல், பொங்கல் சமயத்தில், தனி மாவட்டம் ஆனது. பெரிய ஆறு எதுவும் எங்களுக்கு இல்லை. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பிழைக்கிற ஊர். அதனால் கண்மாய், ஏந்தல், ஊரணி, குளம் என்று ஆயிரக்கணக்கில் வெட்டி வைத்துவிட்டுப் போனார்கள் பெரியவர்கள். பல கண்மாய்களுக்குள் இரண்டு கல் தூண் நட்டுக் குறுக்குக் கல் போட்ட 'குமிழி' மடை இன்னமும் நிற்கிறது.

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் அடித்ததே, அதில் எங்கள் மாவட்டத்தின் தென்னை, பலா எல்லாம் வேரோடு சாய்ந்தன. சாலையில் கிடந்த மரங்களை இழுத்துப் போட ராப்பகலாக ஓடியவை இந்த வண்டிகள்தான். அடுத்த வருஷமே கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கத்து இளைஞர்கள், 'யாரும் வந்து செய்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்' என்று தாங்களே பணம் திரட்டிக் குளம் தூர்வார இறங்கினார்கள். அதைப் பார்த்துப் பல ஊர்களுக்கு அந்த ஆசை தொற்றிக்கொண்டது. தம்பியின் ஊரும் அதில் ஒன்று.

மறுநாள் விடியும்போதே டிவிஎஸ்50-ல் கிளம்பிவிட்டேன்.

திருகையும் தேர்க்கட்டையும்

நான் கண்மாய்க்குள் இறங்குவதற்குள், அந்த வண்டியின் இடுப்பு எப்படிச் சுற்றுகிறது என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

வீட்டில் அப்பத்தா காலத்துத் திருகை இருக்கிறதா? கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுற்றும். ஹிட்டாச்சியும் அப்படித்தான். செயின் உள்ள கீழ்ப்பாகம் நிற்கும். கேபின், எஞ்சின், பூம், பக்கெட் எல்லாம் சுமக்கிற மேல் வீடு அதன்மேல் சுற்றும். நடுவில் ஒரு பெரிய வளையம். அதன் உள்பக்கம் முழுக்கப் பல். அதற்குப் பேர் ரிங் கியர்.

திருகையைச் சுற்ற அப்பத்தா கை. இங்கே ஸ்விங் மோட்டார். கரண்ட் மோட்டார் இல்லை. எண்ணெய் தள்ளுகிற வேகத்தில் சுற்றுகிற மோட்டார். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன பிஸ்டன்கள். அதற்கு வருகிற எண்ணெயின் அழுத்தம் இருநூற்றைம்பது, முந்நூறு பார் வரை எகிறும். உங்கள் கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மோட்டார் சுற்றுவது நிமிஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். அதே வேகத்தில் மேல் வீடு சுற்றினால் ஆபரேட்டர் அடுத்த ஊரில் போய் விழுவார். அதனால் நடுவில் கியர் பாக்ஸ். மோட்டார் நூறு சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் மேல் வீடு ஒரு சுற்று. வேகம் குறையக் குறைய பலம் கூடும். இருபது டன் வண்டியின் மேல் வீடு கடைசியில் நிமிஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சுற்றுத்தான்.

கியர் பாக்ஸுக்குள் இருப்பது அசல் நவக்கிரக சந்நிதி! நடுவில் ஒரு பல்சக்கரம். அதற்கு 'சன் கியர்' என்றே பேர், அதாவது சூரியன். அதைச் சுற்றி மூன்று நான்கு கிரகச் சக்கரங்கள். இப்படி இரண்டு அடுக்கு. இதில் ஒரு கிரகம் இடம் பெயர்ந்தால் வண்டிக்காரருக்கு ஏழரைதான். எள் விளக்குப் போட்டாலும் தீராது, எண்ணெய் மாற்றினால்தான் தீரும்.

கியர் பாக்ஸின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற பினியன், ரிங் கியரின் பல்லைப் பிடித்துக்கொண்டு ஓடும். மேல் வீடும் கூடவே திரும்பும். அவ்வளவுதான் கதை.

இன்னொரு முக்கியமான ஆள் உண்டு. கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுவார்களே, அந்த மாதிரி மோட்டாருக்குள்ளேயே ஒரு பிரேக். ஆனால் இது தலைகீழ் முட்டுக்கட்டை! சும்மா இருக்கும்போது ஸ்பிரிங் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும். லீவரைத் தொட்டதும் எண்ணெய் அழுத்தம் போய் ஸ்பிரிங்கைத் தள்ளி விடுவிக்கும். விடுவிக்கவில்லையா? கட்டையை எடுக்காமல் வடம் பிடித்தால் தேர் நகருமா? அதே கதிதான்.

கடைசியாக ஒருவர். எல்லாரும் மறந்துவிடுகிற ஏழை. மோட்டாருக்குள் கசிகிற கொஞ்சம் எண்ணெயைத் திரும்ப டேங்க்குக்குக் கொண்டுபோகிற சின்ன டிரெயின் ஹோஸ். இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் திரும்ப வருவார்.

முதலில் காது, அப்புறம் ஸ்பானர்

கண்மாய்க்குள் முப்பது நாற்பது பேர் நின்றிருந்தார்கள். வெட்டிப்போட்ட சீமைக்கருவேலங் குவியலுக்குப் பக்கத்தில் வண்டி. தம்பியின் முகத்தில் ராத்தூக்கம் இல்லாதது தெரிந்தது.

"அண்ணே, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி மோட்டார் ஆயில் சீல் போச்சு. ஒருத்தரைக் கூட்டியாந்து மாத்தினேன். மூணு வாரத்துல திரும்பப் போச்சு. இன்னொரு தடவை மாத்தினேன். இப்ப சுத்தவே மாட்டேங்குது. 'மோட்டாரு, கியர் பாக்ஸு ரெண்டும் செத்துருச்சு, செட்டா மாத்து, மூணு லட்சத்துக்கு மேல ஆகும்'னுட்டுப் போயிட்டாரு..." என்றவர், குரலைத் தாழ்த்தி, "வீட்டுல அவ தோடும் சங்கிலியும் எடுத்து வச்சிட்டா" என்றார்.

கரையில், இடுப்பில் கைக்குழந்தையோடு அந்தப் பெண் நின்றிருந்தாள். காதில் ஈர்க்குச்சி.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. செட்டாக மாற்றுவது எனக்கு லாபம். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் ஒரே நாளில் கூலி. ஆனால் ஏன் போனது என்று தெரியாமல் புதிதை மாட்டினால், மூன்று லட்சமும் மூன்று வாரத்தில் போகும்.

என் குருநாதர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: "ஸ்பானரைத் தொடறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளு."

முதல் கேள்வி: "பூம் தூக்குதா? வண்டி நடக்குதா?" "எல்லாம் சூப்பரா வேலை செய்யுதுண்ணே." அப்படியானால் பம்ப்பின் மேல் சந்தேகம் குறைந்தது. பம்ப்பில் கோளாறு என்றால் மற்ற வேலையும் சேர்ந்து தொய்யும்.

இரண்டாவது: "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?" ஒரு பக்கம் மட்டும் மந்தம் என்றால், அந்தப் பக்கத்து ரிலீஃப் வால்வு, லீவரிலிருந்து வருகிற பைலட் லைன் இப்படிப் பார்க்கலாம். மோட்டாரில் வலத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று என இரண்டு ரிலீஃப் வால்வு இருக்கும். ஒரே மாதிரியாக இருந்தால் இரண்டையும் கழற்றி இடம் மாற்றி மாட்டு. வியாதியும் பக்கம் மாறினால் வால்வுதான் குற்றவாளி. பைசா செலவில்லாத சோதனை! தம்பி சொன்ன பதில்: "ரெண்டு பக்கமும்தாண்ணே."

மூன்றாவது: "ஒரேயடியா நின்னுச்சா, கொஞ்சம் கொஞ்சமாவா?" "மத்தியானம் வண்டி சூடேற ஏற மந்தமாகும்ணே. காலையில நல்லாச் சுத்தும். நேத்து சாயந்திரம் சுத்தமா நின்னுருச்சு."

நான்காவது: "சத்தம்?" கியர் உடைந்தால் 'கடக் கடக்' என்று கல் மெல்லுகிற சத்தம் வரும். "சத்தம் இல்லண்ணே. மோட்டார்தான் தொட முடியாத சூடு."

சூடு! பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் சுடும்.

கியர் பாக்ஸின் அளவுகோலை உருவிப் பார்த்தேன். எண்ணெய் குறைந்திருக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். இங்கே கோட்டுக்கு மேலே நான்கு விரல் ஏறியிருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தேன். கியர் ஆயில் தேன் மாதிரி இருக்கணும். இது ரசம் மாதிரி ஓடியது.

"எண்ணெய் கூடியிருக்கே, நல்லதுதானே?" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர்.

"ஐயா, வயித்துல நீர் கோத்தா உடம்பு தேறிருச்சுன்னு சொல்வோமா?"

மோட்டாருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் ஒரே ஒரு ஆயில் சீல்தான் சுவர். அந்தச் சுவர் உடைந்து ஹைட்ராலிக் எண்ணெய் கீழே இறங்கியிருக்கிறது. கியர் பாக்ஸ் எண்ணெய் கூடி, டேங்க்கில் எண்ணெய் குறைந்தால் அர்த்தம் அதுதான். நேர்மாறாக கியர் பாக்ஸ் எண்ணெய் குறைந்து, பினியன் ஓடுகிற கிரீஸ் தண்ணியாகிப் பொங்கினால் அடிப்பக்கத்து சீல் போய்விட்டது. எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. ஒரு குச்சி, இரண்டு விரல். இதற்கு மேல் என்ன ஸ்கேன் வேண்டும்?

சரி, சீல் போய்விட்டது. மூன்றாவது தடவை. ஏன்?

ஏழை சொன்ன சாட்சி

சீல் போனால் சீலை மாற்றுகிறவன் பாதி மெக்கானிக். சீல் ஏன் போனது என்று கேட்கிறவன் முழு மெக்கானிக். இதைச் சொன்னதும் என் குருநாதர்தான்.

குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மோட்டாரிலிருந்து டேங்க்குக்குப் போகிற டிரெயின் ஹோஸ் புதுசாக இருந்தது. தேவையைவிட நீளம். நீளமாக இருந்ததால் மடக்கி, ஓர் இரும்புப் பட்டைக்குள் சொருகியிருந்தார்கள். மடங்கிய இடத்தில் தட்டையாகி, மிதிபட்ட பனங்கிழங்கு மாதிரிக் கிடந்தது.

"தம்பி, இது எப்ப மாத்தினது?"

"மொத தடவை சீல் மாத்தறப்பண்ணே. பழசு வெடிச்சிருந்துச்சு. கைவசம் இருந்த ஹோஸைப் போட்டாரு."

எல்லாம் புரிந்துவிட்டது. முதல் சீல் போனது வயசினால். வண்டி ஒன்பதாயிரம் மணி நேரம் ஓடியிருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் போனது இந்த ஹோஸினால். கசிந்த எண்ணெய் போக வழியில்லை. மோட்டார் கூட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. சீல் பிய்த்துக்கொள்கிறது. அந்த வண்டியில் பிரேக் ஸ்பிரிங் இருக்கிற அறையும் அதே டிரெயின் வழியோடுதான் சேரும். அங்கேயும் அழுத்தம் நின்றால், பிரேக் எப்படி விடும்? சூடு ஏற ஏற ரப்பர் இளகி இன்னும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் காலையில் சுற்றியது, மத்தியானம் மந்தமானது!

"கண்டுபிடிச்சிட்டேன்" என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. நிரூபிக்க வேண்டுமே!

கியர் பாக்ஸில் ஏறியிருந்த எண்ணெயை இறக்கி அளவுக்குக் கொண்டுவந்தேன். டிரெயின் ஹோஸைக் கழற்றி, டேங்க் பக்க வாயை அடைத்து, மோட்டார் வாயில் வேறொரு குழாய் மாட்டிக் காலி வாளிக்குள் விட்டேன். "மெதுவா லீவரைத் தொடு" என்றேன்.

மேல் வீடு அசைந்தது. தயங்கியது. அப்புறம் அழகாக, கல்யாணப் பெண் மாதிரித் திரும்பியது!

கரையில் விசில் பறந்தது. நான் வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு எண்ணெய் விழுகிறது? மோட்டாரின் உள்பாகம் தேய்ந்திருந்தால் குழாய் திறந்த மாதிரிக் கொட்டும். இங்கே நூல் பிடித்த மாதிரித்தான் வந்தது. கம்பெனிப் புத்தகத்தில் உள்ள அளவுக்குள்தான். மோட்டார் சாகவில்லை. ஒரே வாளியில் இரண்டு விடை!

அந்த நேரம் பார்த்து ஹெல்பர் பையன் ஒருவன், "இங்க லேசா கசியுதுண்ணே" என்று ஒரு ஹோஸை நோக்கிக் கையை நீட்டினான். பளீரென்று அவன் கையைத் தட்டிவிட்டேன். எல்லாரும் திகைத்துப் போனார்கள்.

அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத ஊசி. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசுக்கடி மாதிரிப் புள்ளிதான் இருக்கும். உள்ளே சதை அழுகும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். கசிவைப் பார்க்க அட்டையைப் பிடி, கையைப் பிடிக்காதே. அப்படிப் பட்டுவிட்டால், வலிக்கவில்லை என்று வீட்டுக்குப் போகாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு. பையனிடம் இதைச் சொல்லி, அடித்த கையாலேயே டீ வாங்கிக் கொடுத்தேன்.

இறக்கி ஏற்றிய கதை

மோட்டார் பிழைத்தது. கியர் பாக்ஸ்? இறக்கிய எண்ணெயில் காந்தத்தை விட்டு எடுத்தேன். மை மாதிரித் தூள் ஒட்டினால் பரவாயில்லை, தேய்மானம். இதில் இரண்டு மூன்று செதில் மின்னியது. ரசமாகிப்போன எண்ணெயில் இரண்டு மாசம் ஓடியிருக்கிறதே! திறந்து பார்க்காமல் மூட மனசு வரவில்லை.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, எஞ்சினை அணைத்து, லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டி அழுத்தத்தை இறக்கினோம். டேங்க்கின் காற்றையும் திறந்துவிட்டோம். சுற்றிலும் டீசல் போட்டுக் கழுவினோம். இந்த வேலையில் முதல் எதிரி மண். ஒரு சிட்டிகை மணல் உள்ளே போனால் ஆயிரம் மணி நேரத் தேய்மானம். ஒவ்வொரு ஹோஸுக்கும் அடையாளத் துணி கட்டி, வாய்க்கு மூடி போட்டோம். மோட்டாரும் கியர் பாக்ஸும் சேர்ந்து இருநூறு கிலோவுக்கு மேல். முக்காலி நட்டுச் செயின் பிளாக்கில் தூக்கினோம். 'நாலு பேர் சேர்ந்தா தூக்கிரலாம்ணே' என்று வருகிற வீரர்களை நான் பக்கத்திலேயே விடுவதில்லை.

பிரித்தால், ஒரு கிரகச் சக்கரத்தின் ஊசி பேரிங் குழி விழுந்திருந்தது. பிரேக் தட்டுகள் கருகித் தேய்ந்திருந்தன. பற்கள் எல்லாம் நன்றாக இருந்தன. பேரிங், பிரேக் தட்டு, சீல் செட், சரியான நீளத்துக்கு ஒரு டிரெயின் ஹோஸ். எல்லாம் திருச்சியிலிருந்து மத்தியான பஸ்ஸில் வந்தது. மூன்று லட்சம் எங்கே, இது எங்கே! பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

எப்போதும் இப்படி முடியும் என்று நினைத்துவிட வேண்டாம். மோட்டாரின் சிலிண்டர் பிளாக்கில் கோடு விழுந்து, வாளியில் எண்ணெய் கொட்டினால் மாற்றத்தான் வேண்டும். மோட்டார் உடைந்து இரும்புத் தூள் எண்ணெயில் கலந்துவிட்டால், டேங்க்கைக் கழுவி, ஃபில்டர்களை மாற்றி, லைன்களைச் சுத்தம் செய்த பிறகே புதியதைத் தொட வேண்டும். இல்லையென்றால் பழையதைக் கொன்ற தூளே புதியதையும் கொல்லும்.

நான் கொன்ற மோட்டார்

எல்லாம் மாட்டி முடிந்தபோது ராத்திரி ஏழு மணி. தம்பி கேபினில் ஏறிச் சாவியைத் தொட்டார். "இறங்குடா கீழே!" என்று கத்தினேன். அப்படி நான் கத்தினதற்கு ஒரு பழைய கதை உண்டு.

இருபது வருஷம் முன்பு. நார்த்தாமலைப் பக்கம் ஒரு கல் குவாரி. குருநாதர் ஊரில் இல்லை. நானே தனியாகப் புது ஸ்விங் மோட்டார் மாட்டினேன். பக்கத்தில் லாரிகள் வரிசையாக நிற்க, 'சீக்கிரம், சீக்கிரம்' என்று சத்தம். மாட்டினேன், ஸ்டார்ட் என்றேன், முழு வேகத்தில் சுற்றச் சொன்னேன். ஐந்தே நிமிஷம். கீச்சென்று ஒரு சத்தம். மோட்டார் இறுகிவிட்டது.

புது மோட்டாரின் கூடு காலியாக இருக்கும். டிரெயின் வாய் வழியாகச் சுத்தமான எண்ணெயை நிரப்பிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நான் நிரப்பவில்லை. உள்ளே பிஸ்டனும் பேரிங்கும் எண்ணெய் இல்லாமல் உரசிச் செத்துப்போயின.

குருநாதர் வந்தார். திட்டவில்லை. தன் பணத்தில் மோட்டார் வாங்கிக் கொடுத்தார். என் சம்பளத்தில் இரண்டு வருஷம் பிடித்துக்கொண்டார். கடைசி மாசம் பிடிக்கும்போது சொன்னார்: "இது மோட்டார் விலை இல்லடா. நீ நாளைக்குக் கொல்லாம விடப்போற மோட்டாருக்கெல்லாம் முன்பணம்."

அன்றைக்குக் கண்மாயில் நானே எண்ணெய்க் கேனைத் தூக்கினேன். மோட்டார் கூடு நிரம்பி வழிகிற வரை ஊற்றினேன். கியர் பாக்ஸில் சரியான ஆயில், சரியான கோடு வரை. போல்ட்டுகளைக் கம்பெனி சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ஸ்பானரால், குறுக்குக் குறுக்காக இறுக்கினேன். எஞ்சினைத் தாழ்வான வேகத்தில் விட்டு, வலம் இரண்டு, இடம் இரண்டு, மெல்ல மெல்லக் காற்றை வெளியேற்றினோம். கால் மணி நேரம் கழித்துத்தான் முழு வேகம்.

வண்டி சுற்றியது. நின்றது. சொன்ன இடத்தில் நின்றது.

கரையிலிருந்த அந்தப் பெண்ணைத் தம்பி திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவள் முந்தானை முடிச்சை ஒரு தடவை இறுக்கிக்கொண்டாள்.

=== வண்டி வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு ===

* கியர் பாக்ஸ் அளவுகோலை அடிக்கடி உருவிப் பாருங்கள். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

* ஸ்விங் கியர் ஆயிலைப் பல வண்டிகளில் 1000 மணிக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். எந்த ஆயில், எத்தனை மணி என்பதற்கு உங்கள் வண்டிப் புத்தகம்தான் வேதம். பக்கத்து வண்டிக்காரர் அல்ல.

* பக்கெட்டைத் துடைப்பம் ஆக்காதீர்கள்! பக்கவாட்டில் மண்ணைக் கூட்டுவது, பக்கெட்டால் கல்லை இடித்துத் தள்ளுவது இரண்டும் பினியன் பல்லை உடைக்கும். தோண்டுவது பூம் வேலை. திரும்புவது மட்டும்தான் ஸ்விங் வேலை.

* சரிவில் நிறுத்திப் பக்கெட்டைத் தூக்கியபடி சுற்றினால் மோட்டாருக்கு மூச்சு வாங்கும். முடிந்தவரை சமதரை.

* சகதி, தண்ணீரில் வேலை பார்த்தால் ரிங் கியர் கிரீஸைத் திறந்து பாருங்கள். மோராகியிருந்தால் எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள்.

* சீல் ஒரு தடவை போனால் விதி. இரண்டாவது தடவையும் போனால் டிரெயின் ஹோஸ்!

கலிங்கு தாண்டியது

கண்மாய் வேலை மேலும் பன்னிரண்டு நாள் ஓடியது. ஐப்பசி பிறந்து மூன்றாம் வாரம் அடை மழை. ஒரு நாள் காலை போனில் படம் வந்தது. கண்மாய் நிறைந்து கலிங்கில் தண்ணீர் விழுகிறது. கலிங்குக் கல்லில் தம்பியின் பிள்ளை உட்கார்ந்திருக்க, பின்னால் அந்தப் பெண். காதில் தோடு மின்னியது. படத்தைப் பெரிசாக்கி அதை மட்டும் இரண்டு தடவை பார்த்தேன்.

மனைவியிடம் முழுக் கதையையும் சொன்னேன். 'உம்' கொட்டிக் கேட்டாள்.

போன வாரம் காலையில் எழுந்தால் எனக்கே கழுத்து திரும்பவில்லை. இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை. "அம்மா!" என்று அலறினேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கை கால் எல்லாம் வேலை செய்யுதா?"

"செய்யுது..."

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்தான்டி!"

"அப்ப செட்டா மாத்த வேண்டாம். நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்ச்சாப் போதும்" என்றாள்.

தொழில் ரகசியத்தை வீட்டில் சொல்லக் கூடாது என்று குருநாதர் ஏன் சொல்லித் தரவில்லை?